இன்னொரு காப்பி எங்கே இருக்கு?

பென் டிரைவைச் செருகியதும் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் கொடுக்கும். டிரைவ் நன்றாக இருந்தால் அது காதிலேயே விழாது; கை அதற்குள் ஃபோல்டரைத் திறந்திருக்கும். செருகிய சத்தமும் பிடுங்கிய சத்தமும் மாறி மாறி வந்தால்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். பாளையங்கோட்டையில் நான் வேலை பார்த்த டிடிபி கடையில் அந்த இரட்டைச் சத்தம் எழுந்தால் போதும், உள்ளே லேமினேஷன் போட்டுக்கொண்டிருக்கும் அண்ணாச்சி அங்கிருந்தே குரல் கொடுப்பார்: “அப்படியே விடுங்க. ஒண்ணையும் அமுக்கிராதிய!”

2011, 2012 வாக்கில் நடந்தவை இவை. கல்லூரிகள் நிறைந்த ஊர். கொடை விழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி என்று ஆண்டு முழுக்க வேலை இருக்கும். எம்.ஃபில். ஆய்வேடு கொடுக்கும் நாள் நெருங்கிவிட்டால் கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. எல்லார் கழுத்திலும் அடையாள அட்டை, அதே கயிற்றில் ஒரு பென் டிரைவ். நாலு ஜி.பி. அல்லது எட்டு ஜி.பி. ஓர் ஆண்டு உழைப்பு முழுவதும் அதில்தான். சிலருக்கு அதில் மட்டும்தான்.

அப்படித்தான் அந்த மாணவி வந்தார். வில்லுப்பாட்டைப் பற்றிய ஆய்வு. ஊர் ஊராகப் போய்ப் பழைய புலவர்களின் பாட்டைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, ஆய்வேடும் எழுதி முடித்திருந்தார். விடுதியில் டிரைவைச் செருகியபோது, இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று திரையில் ஒரு கேள்வி வந்திருக்கிறது. கூட இருந்தவர்கள் ‘ஆமாம்’ கொடு, சரியாகிவிடும் என்றிருக்கிறார்கள். அவர் எதையும் அமுக்காமல் பிடுங்கிக்கொண்டு ஓடிவந்துவிட்டார். அண்ணாச்சி டிரைவைக் கையில் வாங்குவதற்கு முன் கேள்விகளை ஆரம்பித்தார். கடைசியா எப்போ திறந்துச்சு? எந்த சிஸ்டத்துல போட்டிய? கீழே விழுந்துச்சா? தண்ணி பட்டுச்சா? யாராவது சாஃப்ட்வேர் ஏதும் ஓட்டுனாவளா? எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு, “பிடுங்குனீய பாருங்க, அதுவே பாதி வேலை” என்றார்.

திரையில் வரும் அந்த ஃபார்மேட் கேள்வியை இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. கோப்புகள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் அட்டவணை படிக்க முடியாமல் போனால், கம்ப்யூட்டருக்கு அது காலி டிரைவ் மாதிரிதான் தெரியும். உள்ளே ஓர் ஆண்டு உழைப்பு இருக்கலாம் என்று அந்த முதல் கேள்வி எச்சரிப்பதில்லை. ஃபார்மேட் செய்யட்டுமா என்றுதான் கேட்கிறது. கலங்கிப்போய் இருக்கும் ஆளிடம், சரிசெய்யும் வழி இதுதான் என்பதுபோல் அந்தப் பொத்தானை நீட்டுகிறது.

பெரும்பாலான பென் டிரைவ்கள் அன்றைக்கு ஃபேட்32 என்ற முறையில் வரும். அதில் அந்த அட்டவணைக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒரு கோப்பை நாம் அழித்தால், அதன் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஓர் அடையாளம் விழுகிறது; அட்டவணையில் அதன் கட்டங்கள் ‘காலி’ என்று மாற்றப்படுகின்றன. எழுதிய விஷயம் அப்படியே கிடக்கும், வேறொன்று அதன் மேல் வந்து உட்காரும்வரை. ‘க்விக் ஃபார்மேட்’ செய்தாலும் பெரும்பாலும் இதே கதைதான். ‘க்விக் ஃபார்மேட்’ என்ற கட்டத்தில் டிக் இல்லாமல் முழு ஃபார்மேட் கொடுத்தால், விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டிரைவ் முழுக்கச் சுழியை எழுதிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு எந்த வித்தகராலும் ஒன்றும் ஆகாது. ஒரு டிக்கில் இவ்வளவு இருக்கிறது.

விண்டோஸின் ‘செக்டிஸ்க்’ விஷயமும் இப்படித்தான். டிரைவ் தகராறு செய்கிறதென்றால் அதை ஓட்டு என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்வார்கள். அது ஒத்துவராத வரவுகளையெல்லாம் அடித்துவிட்டுக் கணக்கை நேர்செய்யும் கணக்குப்பிள்ளை. அட்டவணை ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதுதான் அதன் கவலை; மூன்றாம் இயல் போயிற்றா இருக்கிறதா என்பது அதன் கவலை இல்லை. வெட்டி எடுத்த துண்டுகளை எண் போட்ட பெயர்களில் ஒரு தனி ஃபோல்டரில் கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லிவிடும். டிரைவ் சரியாகிவிட்டது, ஆய்வேடு போய்விட்டது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை அந்தக் கடையில்தான் கண்டேன். டிரைவைச் சரிசெய்வது ஒரு வேலை, உள்ளே இருப்பதை மீட்பது வேறு வேலை. பல நேரம் முதலாவது வேலைதான் இரண்டாவதைக் கெடுக்கிறது.

சரிசெய்வது என்றதும் அந்த ஸ்டுடியோக்காரர் ஞாபகம் வருகிறார். கல்யாணப் படங்களைக் கேமரா கார்டிலிருந்து பென் டிரைவுக்கு மாற்றிவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்காகக் கார்டை அழித்துவிட்டார். டிரைவ் செருகியபடியே லேப்டாப்பைத் தூக்கியதில் முனை மேசையில் இடித்து வளைந்துவிட்டது. ஆட்டி ஆட்டிப் பிடித்தால் ஒரு கணம் வரும், போகும். “ஆட்டாதிய” என்றுதான் அண்ணாச்சி முதலில் சொன்னார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மின்சாரம் போய்ப் போய் வருகிறது. எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் போனால் இருப்பதும் கெடும்.

யு.எஸ்.பி. முனையில் நான்கு தகடுகள் உண்டு. ஓரத்து இரண்டும் ஐந்து வோல்ட் மின்சாரத்துக்கு, நடுவில் இருக்கும் இரண்டும் தகவலுக்கு. உற்றுப் பார்த்தால் ஓரத்துத் தகடுகள் கொஞ்சம் நீளமாக இருக்கும். செருகும்போது மின்சாரம் முதலில் சேர வேண்டும் என்பதற்காக அப்படி. அண்ணாச்சி பிளேடால் உறையைப் பிளந்து, பலகையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் காட்டினார். முனையின் கால் ஒன்றைச் சுற்றி, ஈயத்தில் மயிரிழை போல ஒரு வளையம். அதுதான் விரிசல். பழைய மவுஸ் ஒன்றின் வயரை வெட்டினார். உள்ளே சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு. அந்த நான்கு வண்ணங்களும் அந்த நான்கு தகடுகளின் வேலையைச் சொல்பவைதாம். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் பற்றவைத்து, மறுமுனையைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் செருகினார். முன்பக்கத் துளைகளுக்குப் பெட்டிக்குள் நீளமான வயர் ஓடும், அதில் நம்பிக்கை போதாது என்பார். எல்லாப் படங்களும் வந்தன.

“சரியாயிட்டுதா அண்ணாச்சி?”

“சரியாகல. ஒரு வாட்டி பேச வச்சிருக்கேன். படத்தை எல்லாம் எடுத்தாச்சு. இனி இதை நம்பாதிய.”

இப்போது வரும் நகத்தளவு டிரைவ்களில் அந்தப் பிழைப்பும் இல்லை. சிப், கண்ட்ரோலர் எல்லாவற்றையும் ஒரே வார்ப்பாக வைத்து மூடிவிடுகிறார்கள். பற்றவைக்கக் கால் கிடையாது. ஆய்வுக்கூட வசதி உள்ளவர்கள் மேற்பூச்சைச் சுரண்டி உள்ளே தொடர்பு பிடிக்க வேண்டும். சிறியதாக, அழகாக இருக்கிறதே என்று வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லிவைப்பேன்.

கடையின் மேல் தட்டில், பென் டிரைவுக்கு முந்தைய கால ஃபிளாப்பிகள் ஒரு டப்பா நிறைய இருந்தன. ஒன்றில் 1.44 மெகாபைட். ஐ.பி.எம். நிறுவனம் 2000 டிசம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘டிஸ்க்ஆன்கீ’ என்ற பென் டிரைவின் கொள்ளளவு 8 மெகாபைட், ஐந்தாறு ஃபிளாப்பிக்குச் சமம். அதைச் செய்தது இஸ்ரேலின் எம்-சிஸ்டம்ஸ். அதே ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனமும் ‘தம்ப்டிரைவ்’ என்ற பெயரில் தன்னுடையதைக் கொண்டுவந்தது. செருகும் யு.எஸ்.பி. துளை அதற்கு முன்பே, 1996இல், வந்தாயிற்று. இன்டெல்லில் அதற்காக உழைத்த அஜய் பட் வடோதராவில் பிறந்தவர். உள்ளே இருக்கும் நினைவகத்துக்கு மூலவர் ஜப்பானின் தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா. 1984இல் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்குக் காட்டினார். இன்று பென் டிரைவ்களில் இருக்கும் நேண்ட் வகை 1987இல் வந்தது.

மசுவோகாவின் யோசனையை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் மலைப்புத் தட்டுகிறது. மின்காப்புச் சுவருக்குள் கொஞ்சம் எலக்ட்ரான்களைச் சிறை வைத்தால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அவை அங்கேயே இருக்கும். அதுதான் எழுத்து. முதலில் ஒரு சிற்றறைக்கு ஒரு பிட் என்று இருந்தது. நிரம்பியதா, காலியா என்று பார்த்தால் போதும். விலையைக் குறைக்க ஒரே அறையில் மூன்று பிட் வைக்கத் தொடங்கினார்கள். அப்போது எட்டு அளவுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் கசிந்தாலும் எட்டு ஏழாகத் தெரியும். அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர் தேய்கிறது. ஒரு பிட் வகை லட்சம் முறை தாங்கும் என்றால், மூன்று பிட் வகையில் அது ஆயிரம் என்ற கணக்குக்கு இறங்கிவிடுகிறது. பிழைகளைத் திருத்துவதும், கெட்ட பகுதிக்குப் பதில் உபரிப் பகுதியைக் கொடுப்பதும், தேய்மானத்தைப் பரவலாக்குவதும் கண்ட்ரோலரின் வேலை. நமக்குத் தெரியாமல் அது எத்தனையோ பிழையை மறைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. உபரி தீர்ந்ததும் சில டிரைவ்கள் ‘ரைட் புரொடெக்டட்’ என்று பூட்டிக்கொள்ளும். அதைத் திறக்க ரெஜிஸ்ட்ரியை மாற்று, இதை ஓட்டு, அதை ஓட்டு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எழுதும் கதவை மூடி, படிக்கும் கதவை மட்டும் அது திறந்து வைத்திருக்கிறது. அந்தக் கதவு வழியாக உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துக்கொள்வதுதான் அந்த நேரத்தில் செய்யத்தக்கது.

அந்த மாணவியின் டிரைவையும் அப்படித்தான் அண்ணாச்சி அணுகினார். மூலையில் லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது; சந்தேகப்பட்ட டிரைவ்களுக்கென்றே ஒதுக்கியது. விண்டோஸின் சில பதிப்புகள் டிரைவைச் செருகியதுமே தாமாக ஒரு ஃபோல்டரை எழுதிவைக்கும், அந்தத் தொந்தரவு இங்கே இல்லை. கல்லூரிப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் பரவிய ஷார்ட்கட் வைரஸும் இதில் ஓடாது. அந்த வைரஸ் பிடித்தால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும். உண்மையான கோப்புகளை அது ஒளித்துத்தான் வைத்திருக்கும். பதறிப்போய் ஃபார்மேட் அடித்த பிள்ளைகள் எத்தனையோ பேர். ஒளித்ததை வெளிக்கொண்டுவர ‘அட்ரிப்’ என்ற கட்டளை ஒன்று போதும்.

டிரைவை அவர் திறக்கவே இல்லை. ‘டிடிரெஸ்க்யூ’ என்ற நிரலைக் கொண்டு முதல் பிட்டிலிருந்து கடைசிப் பிட்வரை அப்படியே ஒரு நகல் எடுத்தார். அந்தோனியோ தியாஸ் என்பவர் எழுதி இலவசமாகக் கொடுத்தது அது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் படித்துவிடும். முரண்டுபிடிக்கும் இடத்தைத் தாண்டிப் போய், கடைசியில்தான் அங்கே திரும்பி வரும். எது வந்தது, எது வரவில்லை என்று தனியே குறித்து வைத்துக்கொள்வதால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சாகக் கிடக்கும் டிரைவில் நல்ல பகுதியை முந்திப் படிப்பதுதான் அதன் முழு சூட்சுமம். நகல் முடிந்ததும் அசலைக் கவரில் போட்டு, பெயர் எழுதி, மேசை அறையில் வைத்துப் பூட்டினார். அதற்குப் பிறகு நடந்த போராட்டமெல்லாம் நகலோடுதான். நகலில் எதைச் செய்து கெடுத்தாலும் இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

அட்டவணையின் இரண்டு பிரதிகளும் கெட்டிருந்தன. எனவே ‘ஃபோட்டோரெக்’. கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய இந்த நிரல் அட்டவணையை நம்பாது. கோப்புகளின் முகத்தைப் பார்த்து அடையாளம் காணும். ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் தொடக்கத்தில் ஒரு முத்திரை உண்டு. பி.டி.எஃப். கோப்பு தன் பெயரைச் சொல்லியே தொடங்கும். புதிய வேர்டு கோப்புகள் உள்ளுக்குள் ஜிப் வகை என்பதால், அதை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் இரண்டும் அவற்றின் தொடக்கத்தில் இருக்கும்.

கோப்புகள் வந்தன, பெயர்கள் வரவில்லை. ‘எஃப்’ என்ற எழுத்தும் ஒரு நீண்ட எண்ணும் மட்டும். திறந்து பார்த்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகக் கொட்டிக் கிடந்தன. மாணவி முகம் வெளிறிவிட்டது. அது கெட்டுப்போன கோப்பு இல்லை. யூனிகோடில் அடிக்காமல் பாமினி எழுத்துருவில் அடித்தது. எழுத்துருவைத் தேர்ந்து கொடுத்ததும் பொன்னிறத்தாள் கதையும் முத்துப்பட்டன் கதையும் தமிழில் எழுந்து நின்றன. ஆனால் தேடுவதுதான் பெரும்பாடு. பாமினியில் அடித்த கோப்புக்குள் ‘முத்துப்பட்டன்’ என்று தேடினால் கிடைக்காது. அந்த எண்தான் கைகொடுத்தது. அது டிரைவில் கோப்பு இருந்த இடத்தைக் குறிப்பது. பக்கத்துப் பக்கத்து எண்கள் பெரும்பாலும் ஒரே சமயத்தில் எழுதப்பட்டவை. ஓர் இயல் கிடைத்த இடத்துக்கு அக்கம்பக்கம் பார்த்தே மற்றவற்றைப் பிடித்தோம்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஃபோட்டோரெக் எடுத்துக் கொடுப்பது தொலைந்ததை மட்டும் அல்ல. என்றோ அழித்தவையும் சேர்ந்து எழுந்து வரும். வீட்டுப் படங்கள், கடிதங்கள், பிறர் பார்க்கக் கூடாதவை. ரெக்கவரி முடியும் தறுவாயில் அண்ணாச்சி திரையை மாணவியின் பக்கம் திருப்பிவைத்து, “நீங்களே பாத்து எடுத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார். யாருக்கும் அப்படித்தான் செய்வார். வேலை முடிந்த பிறகு கடையில் இருக்கும் நகலை உரியவர் கண் முன்னால் அழிப்பார்.

மீட்க உதவுகிற அதே தன்மைதான் நம்மைக் காட்டிக்கொடுக்கவும் செய்கிறது. வேண்டாம் என்று தூக்கிக் கொடுக்கும் பழைய டிரைவில், அழித்துவிட்டோம் என்று நாம் நினைக்கும் ஆதார் நகலும் வங்கிக் காகிதமும் இருக்கும். அதனால் கைமாறப்போகும் டிரைவுக்கு முழு ஃபார்மேட் தேவை. ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும் டிரைவில் அன்றைக்குத் தேவையான கோப்பு மட்டும் இருந்தால் போதும். அந்தரங்கமானவற்றைப் பிட்லாக்கர், வெராகிரிப்ட் போன்றவற்றால் பூட்டி வைக்கலாம். பூட்டினால் சாவி வேறோர் இடத்தில் பத்திரமாக இருக்க வேண்டும். பூட்டிய டிரைவ் கெட்டால் ஃபோட்டோரெக்குக்கு எந்த முகமும் தெரியாது.

ஆய்வேடு கிடைத்தது. ஒலிப்பதிவுகளில் பெரும்பாலானவை கிடைத்தன. கடைக்குள் உடுக்கையும் குடமும் ஒலித்தபோது ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். ஒரு பதிவு மட்டும் பாதியில் அறுந்தது. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட கோப்பை ஃபோட்டோரெக்கால் சரியாகக் கோக்க முடியாது. அந்தப் புலவர் காலமாகியிருந்தார். மாணவி அவருடைய ஊருக்குப் போனார். பதிவு செய்த அன்று தாத்தாவின் பாட்டு பிடித்துப்போய்ப் பேரன் அதைப் புளூடூத்தில் தன் செல்லுக்கு வாங்கி வைத்திருந்தான். முழுப் பாட்டும் அதில் இருந்தது.

எங்கள் அத்தனை பேருடைய வித்தையும் தோற்ற இடத்தில், ஆசைப்பட்டு எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது. எங்கள் பக்கம் ஆழ்வார்திருநகரி வரை வந்து ஏடு தேடிய உ.வே.சாமிநாதையரை அப்போது நினைத்துக்கொண்டேன். ஓர் ஏட்டில் செல்லரித்த வரியை இன்னோர் ஊரின் ஏட்டிலிருந்து நிரப்பியவர் அவர். வெவ்வேறு வீடுகளில் வெவ்வேறு ஏடுகள் இருந்ததால்தான் அது முடிந்தது. ஒரே ஏடு என்றால் எந்தப் புலமையாலும் அந்த வரி திரும்பாது.

ரெக்கவரி என்பது தாமதமாக எடுக்கும் நகல். இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலையை, பாதி நம்பிக்கையோடு இரவு பகலாகச் செய்கிறோம். புகைப்படக்காரர் பீட்டர் குரோக் சொல்லிப் பரவலான 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், ஒன்று வேறோர் இடத்தில். பென் டிரைவ் அந்த மூன்றில் ஒன்றாக இருக்கலாம். அது மட்டுமே இருக்கக் கூடாது. அடைத்து வைத்த எலக்ட்ரான்கள் காலப்போக்கில் கசிபவை, வெயில் ஏற ஏற வேகமாகக் கசிபவை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பீரோவுக்குள் ஆண்டுக்கணக்கில் தொடாமல் கிடக்கும் டிரைவை ஆவணக் காப்பகமாக நினைக்கக் கூடாது. கள்ளக் கொள்ளளவு டிரைவ்களும் உண்டு: 64 ஜி.பி. என்று காட்டும், உண்மையான அளவு தாண்டியதும் எழுதுவதெல்லாம் எங்கோ போய்விடும். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற நிரலால் நிரப்பிப் படித்துச் சோதித்துவிட வேண்டும். நகல் எடுத்த பிறகு அதைத் திறந்து பார்ப்பதும் நகல் எடுப்பதில் ஒரு பகுதிதான்.

அந்த மாணவி போன பிறகு அண்ணாச்சி கடையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஆய்வேடு பிரிண்ட் எடுக்க யார் வந்தாலும், எத்தனை பிரதி, என்ன அட்டை என்று கேட்பதற்கு முன்னால், “இன்னொரு காப்பி எங்கே இருக்கு?” என்று கேட்பார். இல்லை என்றால் முதலில் அவர்களுடைய மின்னஞ்சலுக்கே அனுப்பவைத்து, ஒரு சி.டி.யும் போட்டு, திறந்து காட்டிவிட்டுத்தான் பிரிண்ட். அவசரத்தில் வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். அவர் விடமாட்டார்.

இன்று எனக்கு வரும் தொலைபேசிகளில் பாதி இந்த விஷயமாகத்தான். டிரைவ் ஃபார்மேட் கேட்கிறது என்பார்கள். எதையும் அமுக்காமல் பிடுங்கி வையுங்கள் என்பேன். பிறகு அண்ணாச்சியின் கேள்வியைக் கேட்பேன். “இருக்கிறது, தம்பியின் லேப்டாப்பில்” என்று யாராவது சொன்னால் போதும். பழைய டிரைவைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்துவிட்டு, தம்பியின் நகலைத் திறந்து பார்த்து, புதிதாக ஒன்று வாங்கி, லேப்டாப்பிலிருந்து அதற்கு ஒரு நகல் எடுங்கள் என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடலாம்.